டைவிங்குக்குப் போடும் ரப்பர் உடை, வெட்சூட், முட்டியில் கிழிந்துவிட்டது. மும்பையில் எந்தத் தையற்காரரிடம் கொடுக்கலாம்? இல்லை, வீட்டிலேயே ஒட்ட முடியுமா?

தையற்காரரிடம் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

எத்தனை மில்லிமீட்டர் சூட் என்று நீங்கள் சொல்லவில்லை. தார்க்கர்லி, நேத்ராணி, எப்போதாவது அந்தமான் என்று டைவிங் போய்வருபவர், சூட் 3 மி.மீ. கனம், இரண்டு பக்கமும் நைலான் துணி ஒட்டியது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளிப்பக்கம் வழவழவென்று ரப்பராக இருக்கும் டிரையத்லான் சூட் என்றால் ஒட்டும் முறை இதேதான். ஆனால் அந்த வழவழப்பான பக்கத்தில் ஊசியே வைக்கக் கூடாது, நூல் ரப்பரை அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

தையற்காரர் ஏன் கூடாது? சாதாரணத் தையல் இயந்திரம் போடுவது இழுவை இல்லாத நேர்த்தையல். சூட்டை மாட்டும்போது முட்டி நன்றாக விரியும், நூல் விரியாது. நூல் அறும், அல்லது நூல் நின்று நியோபிரீன், அதாவது சூட்டின் ரப்பர் நுரை, கிழியும். அதோடு ஊசி வரிசையாகப் போட்ட ஓட்டை, தபால்தலை ஓரம் மாதிரி அடுத்த கிழிசலுக்குக் கோடு போட்டு வைத்துவிடும். 'கம்பெனி சூட்டிலும் ஊசி துளைத்துத்தானே தைக்கிறார்கள்' என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். அது ஃப்ளாட்லாக். நான்கு ஊசி, ஆறு நூல் ஓடும் இயந்திரம், தையலே ரப்பர்போல விரியும். நாக்காவில், அதாவது தெருமுனையில், உட்கார்ந்திருக்கும் தையல் மாஸ்டரிடம் அது கிடையாது. அவர் மேல் தப்பில்லை.

அடுத்து பசை. ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் கண்ணாடிபோல் ஆகி, முதல் மடிப்பிலேயே உடையும். உடைந்த விளிம்பு தோலைக் கீறும், அந்த இடத்தில் அதற்குமேல் எந்தப் பசையும் பிடிக்காது. எம்-சீலும் அதே கதை. சைக்கிள் கடை பஞ்சர் சொல்யூஷன் டியூப் ரப்பருக்கானது, இந்த நுரைக்கு இல்லை. வேண்டியது நியோபிரீன் கான்டாக்ட் சிமென்ட், அதாவது இரு பக்கமும் பூசி, சற்றுக் காயவிட்டு அழுத்தும் பசை. டைவிங் சாமான் விற்கும் ஆன்லைன் கடைகளில் கிடைக்கும். கிடைக்காத அவசரத்துக்கு, தச்சர்கள் சன்மைக்கா ஒட்டும் ஃபெவிகால் எஸ்ஆர் 998 கைகொடுக்கும். அதுவும் செயற்கை ரப்பர் பசைதான், வேலை செய்யும் விதமும் ஒன்றுதான். ஆனால் கொஞ்சம் விறைப்பாகக் காயும் என்பதால் முட்டிக்குச் சரி, அக்குளுக்கு நான் போட மாட்டேன். தாராவியில் தோல் சாமான் விற்கும் தெருக்களில் விசாரித்தால் பசை, நைலான் நூல், சோபா தைக்கும் வளைந்த ஊசி எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

பசை சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் சூட்டைக் காயவிடாமல் ஒட்டியவர்கள். நியோபிரீன் என்பது மூடிய குமிழிகள் நிறைந்த நுரை. நுரைக்குள் தண்ணீர் போகாது, ஆனால் அறுந்த விளிம்பிலும் நைலான் துணியிலும் ஈரம் உட்கார்ந்திருக்கும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் தெரியும். நல்ல தண்ணீரில் அலசி, மின்விசிறிக்குக் கீழே முழுசாக 2 நாள். ஜூலை மாதம் என்றால் 4 நாள். அதற்குப் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு விளிம்புகளைத் துடைக்க வேண்டும். மொபைல் ரிப்பேர் கடைகளில் 'ஐபிஏ' என்று கேட்டால் தெரியும். இதைத் தாண்டிவிடாதீர்கள், ஏனென்றால் நம் ஆட்கள் கழுத்து உரசாமல் இருக்க தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சூட்டை மாட்டுகிறவர்கள். அந்த எண்ணெய் ஒரு சோப்புக் குளியலில் போகாது. எண்ணெய் இருக்கும் இடத்தில் பசை தோல்போல உரிந்து வரும்.

ஒட்டும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். இந்தப் பசையின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஒன் பிஎச்கே வீட்டில் சமையலறை அடுப்பும் கொசுவர்த்தியும் சாமி விளக்கும் எல்லாம் பத்தடிக்குள்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

காலுக்குள் ஒரு காலி பெப்சி பாட்டிலை நுழைத்தால் கிழிசல் வாய் பிளந்து நிற்கும். தொங்கும் நைலான் இழைகளை வெட்டிவிடுங்கள். பல்குத்தும் குச்சியால் இரு பக்கச் சுவரிலும் மெல்லிய ஒரு பூச்சு, அடிவரைக்கும். 10 நிமிடம் விடுங்கள். முதல் பூச்சை நுரை குடித்துவிடும், அதனால் அது பசை அல்ல, அஸ்திவாரம். இரண்டாவது பூச்சு. மறுபடி 10 முதல் 15 நிமிடம். விரல் முட்டியால் தொட்டுப் பாருங்கள்: ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், நூலாக இழுத்துக்கொண்டு வரக் கூடாது. நூல் வந்தால் உள்ளே கரைப்பான் இன்னும் இருக்கிறது. அப்போதே மூடினால் அது வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகி இணைப்பு திறந்துகொள்ளும்.

பாட்டிலை எடுத்துவிட்டு ஒரு முனையிலிருந்து சிறிது சிறிதாகக் கிள்ளி மூடுங்கள். தொட்ட கணமே பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. அதனால் நடுவிலிருந்து தொடங்காதீர்கள், கடைசியில் ஒரு பக்கம் சுருக்கம் நிற்கும். எவ்வளவு நேரம் அழுத்துகிறோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதே கணக்கு. சப்பாத்திக் கட்டையால் உருட்டினாலும் சரி. பிறகு 24 மணி நேரம் அதைத் தொடக் கூடாது.

கட்டைவிரல் அகலம்வரை உள்ள கிழிசலுக்கு இதுவே போதும். அதைவிட நீளம் என்றால் மறுநாள் உள்பக்கத்தில் மட்டும் கைத்தையல். ஊசி நுரையின் பாதிக் கனம்வரைதான் போக வேண்டும், வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. 4, 5 மி.மீ. இடைவெளி, நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல். பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் மக்கிப்போகும். நூலை இறுக்கி இழுக்காதீர்கள், துணி சுருங்காமல் படிந்தால் போதும். அதன்மேல் தண்ணீர் கசியாமல் அடைக்கும் யூரித்தேன் சீலன்ட், அக்வாசீல் மாதிரி ஒன்று, 1 செ.மீ. அகலத்தில் மெல்லிசாக. இரண்டு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் கோடு நேராக வரும். இந்த யூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது. மும்பைக் காற்றுக்குச் சொல்ல வேண்டுமா? திறந்த டியூப் அலமாரியில் கல்லாகிவிடும். மூடியை இறுக்கி ஃப்ரீசரில் வையுங்கள், வீட்டில் திட்டினாலும்.

முட்டியில் நுரையே தேய்ந்து போயிருந்தால் கிழிசலை மூடிப் பயனில்லை. தேய்ந்த பகுதியை முட்டை வடிவத்தில் வெட்டி எடுத்து, அதே கனமுள்ள துண்டை விளிம்புக்கு விளிம்பு ஒட்ட வேண்டும். துண்டு 1 மி.மீ. பெரிதாக இருந்தால் இறுக்கமாக உட்காரும். மூலை வைத்து வெட்டாதீர்கள், உரிவது எப்போதும் மூலையிலிருந்துதான். துண்டுக்குப் பழைய சூட்டின் கை கிடைத்தால் நல்லது. பழைய லேப்டாப் உறையும் ஆகும், ஆனால் அவற்றில் பல எஸ்பிஆர் என்ற மலிவான ரப்பர் நுரை. இழுத்தால் விறைப்பாக இருக்கும்.

பராமரிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இங்கே சூட்டைக் கடலைவிட நான்கு மாத மழைதான் அதிகம் அழிக்கிறது. ஜூனில் டைவிங் நின்றதும் மடித்து, பையில் போட்டு, ஜிப் மூடி, அலமாரியின் அடியில் திணிப்பார்கள். அக்டோபரில் எடுத்தால் பூஞ்சணம், மடிப்பில் நிரந்தரமாக நசுங்கிய கோடு. கூடவே பாச்சா உருண்டை போட்டிருந்தால் அந்த நாற்றம் சூட்டோடு குடித்தனம் வந்துவிடும். பூஞ்சணத்துக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர், நான்கு பங்கு தண்ணீர், அரை மணி நேரம் ஊறல், பிறகு அலசல். பிளீச்சிங் கூடாது. வாஷிங் மெஷினும் வெந்நீரும் கூடாது. சும்மா நாற்றத்துக்கு 10 லிட்டர் வாளித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் குழந்தை ஷாம்பு போதும்.

முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிக் காயப்போடுங்கள், அப்புறம் திருப்புங்கள். நிழலில்தான்; வெயில் ஆகாது, ரப்பர் இறுகும். கம்பி ஹேங்கரில் தோளை மாட்டாமல், இடுப்பில் மடித்துத் தடிமனான கம்பில் போடுங்கள். ஈரச் சூட்டின் எடை தோளை இழுத்துவிடும். நிழல் என்றதும் ஞாபகம் வருகிறது, எங்கள் சொசைட்டியில் பால்கனிக் கம்பியில் துணி காயப்போட்டால் கட்டடத்தின் அழகு கெடுகிறதாம். நோட்டீஸ் ஒட்டுகிற கமிட்டி ஆட்களின் வீட்டுப் போர்வை மட்டும் இரண்டு மாடிக்குத் தொங்கும். கறுப்பு சூட்டைப் பார்த்து ஆள் தொங்குகிறது என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டது வேறு. மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறவனுக்கு ஒரு கொடிக்கயிறு கிடையாது. இருக்கட்டும்.

ஜிப்பில் உப்பு ஏறும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, மெழுகுவர்த்தியை ஒரு தடவை ஓட்டினால் போதும். வாசலின், மெஷின் எண்ணெய் போட்டால் மணல் அதில் உட்கார்ந்துகொள்ளும், பக்கத்து விளிம்பில் நாளைக்குப் பசை பிடிக்காது.

செலவழிக்கும் முன் ஒன்று பார்த்துவிடுங்கள்: முட்டிக்குப் பக்கத்தில் சூட்டைக் கிள்ளி மடித்தால் மேலே நுண்ணிய வெடிப்பு தெரிகிறதா? தெரிந்தால் அந்த ரப்பர் போய்விட்டது, ஒட்டின இடத்துக்கு அடுத்த இடம் கிழியும். அப்படிப்பட்ட சூட்டை வெட்டித் துண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டைவ் கடைக்காரர்கள் கோபப்பட வேண்டாம், புதுசு வாங்கத்தான் சொல்கிறேன்.

வெடிப்பு இல்லாமல் ஒட்டி முடித்துவிட்டீர்கள் என்றால், 24 மணி நேரம் கழித்துக் கணுக்கால் பக்கத்தை இறுக்கிக் கட்டி, காலுக்குள் முட்டிக்குமேல் வரை தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடியுங்கள். ஒட்டின கோட்டில் முத்துமுத்தாகத் துளி வந்தால், அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, காயவைத்து, உள்பக்கம் ஒரு சொட்டு யூரித்தேன் வையுங்கள். மறுபடி தொடக்கத்திலிருந்து பிரிக்க வேண்டாம்.