அப்புக்காத்து செல்வநாயகம்: கேட்டவையும் சொன்னவையும்

இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தைத் தந்தை செல்வா என்று எல்லோருக்கும் தெரியும். சிவில் வழக்குகளில் பேர்பெற்ற அப்புக்காத்து (அட்வகேட், மன்றில் வாதாடும் வழக்கறிஞர்) என்று அவரைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு. நான் சட்டத்தொழிலில் இருந்தவன். அந்தப் பக்கத்தைப் பற்றி என்னவும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (யாழ்ப்பாணம், சட்ட மாணவி): அவர் விஞ்ஞானம் படித்தவராமே, பிறகு எப்படி வழக்கறிஞர் ஆனார்?

பதில்: ஓம் தங்கச்சி, உண்மைதான். 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். யூனியன் கல்லூரி, பரியோவான் கல்லூரி, பிறகு கொழும்பு சென் தோமஸ் கல்லூரி என்று படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாக எடுத்தார். சென் தோமஸிலும் வெஸ்லியிலும் படிப்பித்தார். சட்டக் கல்லூரியில் படித்து அப்புக்காத்தானது 1920களில்.

அந்தக் காலத்துத் தொழில்முறை இப்போதுபோல் இல்லை. வழக்காளி நேரே அப்புக்காத்திடம் போக முடியாது. முதலில் பிரக்கிராசியிடம் போகவேண்டும். காணி உறுதிகளைப் பார்த்து, ஆவணங்களைத் திரட்டி, வழக்கைக் கட்டி எடுத்துக்கொண்டு வருபவர் பிரக்கிராசி. மன்றில் வாதாடுபவர் அப்புக்காத்து. 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் வந்துதான் இந்த இரண்டு பிரிவும் ஒன்றாகின. ஆகவே ஓர் அப்புக்காத்தின் பேர் மற்றச் சட்டத்தரணிகள் கொடுக்கிற பேர். பிரக்கிராசிமார் நம்பி வழக்குக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் தொழில் நடக்கும். கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் செல்வநாயகத்துக்கு அந்த நம்பிக்கை இருந்தது. 1947இல் கே.சி. (கிங்ஸ் கவுன்சல் என்ற மூத்த வழக்கறிஞர் பட்டம்) ஆனார். அதே ஆண்டில்தான் காங்கேசன்துறையில் வென்று பாராளுமன்றம் போனார். அப்போது வயது 49.

கேள்வி (வவுனியா): ஜி.ஜி. பொன்னம்பலமும் வழக்கறிஞர், இவரும் வழக்கறிஞர். இருவருக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: செல்வநாயகமும் முதலில் இருந்த தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி.ஜி. அவர் குற்றவியல் வழக்குகளில் சிங்கம். அவருடைய குறுக்கு விசாரணையைப் பார்க்கவென்றே சனம் நீதிமன்றத்துக்குப் போகும். செல்வநாயகம் சிவில் பக்கம். உறுதியில் ஒரு சொல் எங்கே நிற்கிறது, சட்டத்தின் உட்பிரிவு எதை விட்டுவிட்டது என்று பார்க்கிற வேலை அது. சாட்சியை மடக்குவதைவிட எழுத்தை நிறுத்துப் பார்ப்பதுதான் அங்கே முக்கியம். இரண்டு பேருடைய அரசியலையும் நான் இந்த வித்தியாசத்தோடுதான் வாசிக்கிறேன்.

கேள்வி (ஹட்டன், ஆசிரியை): மலையகத் தமிழருக்காகத்தான் அவர் கட்சியை உடைத்தார் என்று எங்கள் அப்பா சொல்லுவார். சரியா?

பதில்: சரி டீச்சர், உங்கள் அப்பா சொன்னது சரிதான். 1947 தேர்தலில் தமிழ்க் காங்கிரசுக்கு 7 ஆசனம். மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசும் ஆசனங்களை வென்றது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தமிழ்க் காங்கிரஸ் அதை எதிர்த்து வாக்களித்தது. கொஞ்ச நாளில் ஜி.ஜி., பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவு கொடுத்தார். செல்வநாயகமும் கோப்பாய் கு. வன்னியசிங்கமும் செனட்டர் டாக்டர் இ.எம்.வி. நாகநாதனும் அதோடு பிரிந்தார்கள். 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கியது.

இதை வடக்குத் தலைவர் ஒருவரின் பெருந்தன்மை என்று மட்டும் பார்ப்பது போதாது. இன்று ஒரு கூட்டத்தாரின் குடியுரிமையைச் சட்டத்தால் எடுக்கலாம் என்றால், நாளை இன்னொரு கூட்டத்தாரின் மொழியையும் அப்படியே எடுக்கலாம். இது சட்டம் படித்தவரின் பயம். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கி 1956இல் வந்த 33ஆம் இலக்க ஆட்சிமொழிச் சட்டம் அந்தப் பயத்தை நியாயமாக்கிவிட்டது. ஆனால் 1952 தேர்தலில் மக்கள் இதை ஏற்கவில்லை. கட்சிக்கு இரண்டே ஆசனம். செல்வநாயகமே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார்.

கேள்வி (மட்டக்களப்பு): அவருடைய குரல் மெல்லிய குரலாம். அப்படிப்பட்டவரைச் சனம் எப்படித் தலைவராக ஏற்றுக்கொண்டது?

பதில்: குரல் மெல்லியதுதான். மேடைப்பேச்சுக்குக் கட்சியில் அமிர்தலிங்கம், இராசதுரை போன்றவர்கள் இருந்தார்கள். பின்னாளில் பார்க்கின்சன் நோயும் வந்தது, காதும் மந்தமானது. ஆனால் 1956 ஜூன் 5இல் சிங்களம் மட்டும் மசோதாவை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தபோது அவரும் புல்லில் இருந்தார். கும்பல் வந்து அடித்தது. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு பாராளுமன்றத்துக்குள் போனார். 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி (அரசாங்க அதிபர் அலுவலகம்) வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஏறக்குறைய இரண்டு மாதம் நடந்தது. ஏப்ரலில் தமிழரசு முத்திரை அடித்துத் தபால் சேவையே தொடங்கினார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்களைப் பனாகொடை முகாமில் தடுத்து வைத்தார்கள். வருத்தக்காரரான ஒரு கியூ.சி. (ராணி காலத்தில் கே.சி.க்கு அதுதான் பேர்) வெய்யிலில் வந்து இருந்ததைக் கண்ணால் கண்ட சனத்துக்குக் குரலின் சத்தம் பெரிய விஷயமாகப் படவில்லை.

கேள்வி (கொழும்பு, இளம் சட்டத்தரணி): பண்டா–செல்வா ஒப்பந்தத்தை ஓர் ஆவணமாக எப்படி மதிப்பிடுகிறீர்கள்? அதில் ஓட்டை இருந்ததா?

பதில்: தம்பி, வந்த கேள்விகளுக்குள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்தது, 1957 ஜூலை 26இல் கைச்சாத்தானது. சமஷ்டியும் (கூட்டாட்சி) தரமுடியாது, ஆட்சிமொழிச் சட்டத்தையும் நீக்கமுடியாது என்பது பிரதமரின் நிலை. ஒப்பந்தம் அதை ஒளிக்காமல் எழுதிவிட்டுத்தான் மேலே போகிறது. சிவில் வழக்கில் இணக்கத்துக்கு வரும்போது இப்படித்தான் செய்வோம். ஒத்துப்போகாததை முதலில் ஒரு பக்கம் ஒதுக்கிவைப்போம், பிறகு எதில் ஒத்துப்போகலாம் என்று பார்ப்போம்.

பிறகு பிரதேச சபைகள். வடமாகாணம் ஒரே பிரதேசம். கிழக்கு இரண்டு அல்லது கூடுதலான பிரதேசங்கள். அடுத்த வாசகத்தைக் கவனியுங்கள்: பிரதேசங்கள் மாகாண எல்லையைத் தாண்டியும் ஒன்றுசேரலாம், பாராளுமன்றத்தின் அங்கீகாரத்தோடு. வடக்குக் கிழக்கு இணைப்பு என்ற சொல்லே இல்லை, ஆனால் கதவு திறந்திருக்கிறது. தமிழ் ஒரு தேசிய சிறுபான்மையினரின் மொழியாக அங்கீகரிக்கப்படும், வடக்குக் கிழக்கில் நிருவாகம் தமிழில் நடக்கும். ஆட்சிமொழிச் சட்டத்தில் கை வைக்கவில்லை. விவசாயம், காணி, கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி எல்லாம் சபைகளின் அதிகாரப் பட்டியலில் வருகின்றன. குடியேற்றத் திட்டங்களில் காணி யாருக்கு என்று தெரிவுசெய்யும் அதிகாரமும் சபைகளுக்கே. இதுதான் அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்பது என் எண்ணம். இவற்றுக்காக ஆகஸ்ட் 20இல் தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தை அவர் கைவிட்டார்.

ஓட்டை எழுத்தில் இல்லை. இரண்டு தரப்பும் ஒப்பமிட்ட ஓர் இணக்கத்தை ஒருவர் மீறினால் சிவில் வழக்கில் நீதிமன்றம் போகலாம். இந்த ஒப்பந்தத்துக்கு அப்படி ஒரு நீதிமன்றம் இல்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜயவர்த்தனா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9இல் பிக்குகள் பிரதமரின் ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் வந்து இருந்தார்கள், அன்றைக்கே பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் கலவரம். எழுதிக் கைச்சாத்திட்ட பத்திரத்தை மறுபக்கமும் மதிக்கும் என்று செல்வநாயகம் நம்பினார். புதுக்கடையில் தினமும் அப்படித்தான் நடந்தது, அந்தப் பழக்கத்தை அவர் அரசியலுக்கும் கொண்டுவந்தார். அவரைக் குறை சொல்பவர்கள் இதைத்தான் குறை சொல்கிறார்கள். நான் அவரில் மதிப்பதும் இதைத்தான்.

கேள்வி (வவுனியா, மறுபடியும்): மந்திரியாக இருந்தாரா?

பதில்: ஒருநாளும் இல்லை. 1965இல் பிரதமர் டட்லி சேனநாயக்காவின் அரசில் கட்சி சேர்ந்தபோதும், உள்ளூராட்சி அமைச்சைச் செனட் சபை வழியாக மு. திருச்செல்வம் கியூ.சி.தான் ஏற்றார்.

கேள்வி (மாவிட்டபுரம்): அவருடைய தொகுதியிலேயே கோயில் பிரவேசப் போராட்டம் நடந்தது. அப்போது அவர் எங்கே நின்றார்? புகழ்ச்சி மட்டும் எழுதாதீர்கள்.

பதில்: நீங்கள் கேட்பது நியாயம், ஐயா. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போக உரிமை கேட்டு நின்றார்கள். முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் அந்த மக்களுக்கு எதிராக நின்றார். தீண்டாமை கூடாது என்பது தமிழரசுக் கட்சியின் கொள்கை. ஆனால் தொகுதியின் பிரதிநிதியான செல்வநாயகம் முன்னுக்கு வந்து நிற்கவில்லை. இடதுசாரிகள் அன்று அதைக் கடுமையாகச் சொன்னார்கள். அவர் கிறிஸ்தவர், தேர்தல்களில் மதத்தை இழுத்து அவரை எதிர்த்தவர்கள் இருந்தார்கள், சைவக் கோயில் விவகாரத்தில் தயங்கினார் என்று விளக்கம் சொல்லலாம். விளக்கம் எனக்கு விளங்குகிறது, ஆனால் போதவில்லை. காலிமுகத்திடலில் இருந்தவர் மாவிட்டபுரத்திலும் வந்து இருந்திருக்கவேண்டும்.

கேள்வி (கனடாவிலிருந்து): 1972இல் பதவி விலகினவர் ஏன் 1975இல் திரும்பவும் நின்றார்?

பதில்: அது சவால். 1972 மே 22இல் வந்த குடியரசு யாப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்பது அவர் வாதம். ஏற்கிறார்களா இல்லையா என்று என் தொகுதியிலேயே கேட்டுப் பாருங்கள் என்று அக்டோபரில் ஆசனத்தைத் துறந்தார். அரசு இடைத்தேர்தலை இழுத்தடித்து 1975 பெப்ரவரி 6இல்தான் வைத்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தை 16,000க்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார். அடுத்த ஆண்டு மே 14இல் அவர் தலைமையில் தனிநாடு கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. சமஷ்டி கேட்டு முப்பது வருடமளவில் எழுத்திலேயே வாதாடிய ஒருவர் தனிநாடு என்ற முடிவுக்கு வந்தார் என்றால், 1957, 1965 ஒப்பந்தங்களின் கதையைப் படிக்காமல் அது விளங்காது.

கேள்வி (சட்ட மாணவி, மறுபடியும்): ஜி.ஜி.யும் அவரும் கடைசிவரை எதிரிகளா?

பதில்: இல்லை. வட்டுக்கோட்டைத் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக அமிர்தலிங்கம் முதலானோர் மீது 1976இல் ஜூரிகள் இல்லாமல் மூன்று நீதிபதிகள் முன் வழக்கு நடந்தது. ஜி.ஜி.யும் திருச்செல்வமும் வாதாடினார்கள், செல்வநாயகமும் குற்றஞ்சாட்டப்பட்டோர் தரப்புச் சட்டத்தரணிகளோடு மன்றில் இருந்தார். 1948இல் பிரிந்த இரண்டு பேரும் கடைசியில் ஒரே பக்கத்து மேசையில். அந்த ஆண்டு நவம்பரில் திருச்செல்வமும், 1977 பெப்ரவரியில் ஜி.ஜி.யும், ஏப்ரல் 26இல் செல்வநாயகமும் காலமானார்கள்.

கேள்வி (கொழும்பு இளம் சட்டத்தரணி): அவரைப் படிக்க எங்கே தொடங்குவது?

பதில்: பேச்சுகளில் தொடங்காதீர்கள். 1957 ஒப்பந்தத்தையும் 1965 மார்ச் 24இல் டட்லியோடு செய்த ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். முதலாவதில் பிரதேச சபை, இரண்டாவதில் மாவட்ட சபை, அதுவும் மத்திய அரசின் பணிப்புக்கு உட்பட்டது. காணிப் பகுதியில் மட்டும் மற்றப் பக்கமாக நடந்திருக்கிறது. 1957இல் தெரிவு அதிகாரம் சபைக்கு என்பதோடு விட்டார்கள். 1965இல் குடியேற்றக் காணி முதலில் அந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கு, அடுத்து வடக்குக் கிழக்கின் தமிழ் பேசுவோருக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு என்று வரிசையையே எழுதி வாங்கியிருக்கிறார். அதிகாரத்தின் அளவில் இறங்கி வந்தவர் காணியில் வாசகத்தை இறுக்கியிருக்கிறார். இரண்டையும் வாசித்துவிட்டு, நீங்கள் அந்தப் பக்கத்துச் சட்டத்தரணியாக இருந்தால் எந்த வரியை மாற்றக் கேட்டிருப்பீர்கள் என்று எழுதி அனுப்புங்கள் தம்பி.