பாரிஸிலிருந்து மைஹருக்கு

சென்ற இதழில் சித்தார் மேதை ரவிசங்கரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பதினெட்டு வயதில் ஐரோப்பாவையும் நடன மேடையையும் விட்டுவிட்டு மைஹர் என்ற சிற்றூருக்கு இசை கற்கத் திரும்பினார் என்பதே அது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த இதழின் பகுதி முழுவதையும் ஒதுக்குகிறேன்.

கும்பகோணம் வாசகர்: காசியில் பிறந்த வங்காளப் பையன் பத்து வயதில் பாரிஸுக்குப் போனது எப்படி? அங்கே சித்தார் வாசிக்கவா போனார்?

சித்தார் வாசிக்கப் போகவில்லை, அண்ணனோடு போனார். ரவிசங்கர் 1920 ஏப்ரல் 7 அன்று காசியில் பிறந்தார். தந்தை ஷியாம் சங்கர் ஜாலாவார் சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர். பிறகு லண்டனில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர். எட்டு வயதில்தான் மகன் தந்தையை முதன்முதலாகப் பார்த்தான் என்றால் அந்தக் குடும்பத்தின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மூத்த அண்ணன் உதயசங்கர் லண்டனில் ஓவியம் படிக்கப் போய், ரஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவாவின் பார்வையில் பட்டு, 1923இல் அவரோடு மேடையேறி நடனக் கலைஞராகவே ஆகிவிட்டார். சொந்தமாக ஒரு குழு அமைக்க விரும்பிய அவர், ஆலிஸ் போனர் என்ற சுவிட்சர்லாந்துச் சிற்பியின் உதவியோடு, 1930இல் தாயார், தம்பிமார், சித்தப்பா, உறவுப் பெண் என்று வீட்டையே திரட்டிக்கொண்டு பாரிஸுக்குக் கப்பலேறினார்.

பாரிஸில் சிறுவன் ரவி பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனான். மற்ற நேரமெல்லாம் ஒத்திகை நடக்கும் கூடத்தில் கிடந்தான். குழுவின் இசைப் பொறுப்பு, சரோத் என்ற தந்திக் கருவியை வாசிக்கும் கலைஞர் திமிர் பரனிடம் இருந்தது. கைக்கு எட்டிய கருவிகளையெல்லாம், சித்தாரும் வில்லால் வாசிக்கும் எஸ்ராஜும் உட்பட, யாரும் முறையாகச் சொல்லிக்கொடுக்காமலேயே பையன் தட்டியும் மீட்டியும் பழகினான். விரைவில் நடனத்திலும் சேர்க்கப்பட்டான். 1932ஆம் ஆண்டின் இறுதியில் குழு அமெரிக்காவுக்குப் போனது. கிதார் மேதை செகோவியாவின் வாசிப்பையும் நியூயார்க்கின் ஜாஸ் இசையையும் நேரில் கேட்டு வளர்ந்த ஒரு பையனுக்குத் தன் நாட்டுச் சங்கீதத்தின் ஒரு ராகத்தையேனும் ஒழுங்காக விரித்து வாசிக்கத் தெரியாது என்பதுதான் அந்த வாழ்க்கையின் வேடிக்கை.

மதுரை வாசகி: பேரும் புகழும் வசதியும் இருந்த இடத்தை விட்டுவிட்டு ஏன் திரும்பினார்? நாட்டுப்பற்றா, குருபக்தியா?

நாட்டுப்பற்று என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. 1934 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த ஓர் இசை மாநாட்டில் மைஹர் சமஸ்தான வித்வான் அலாவுதீன் கானின் வாசிப்பை ரவி கேட்டார். மறுஆண்டு உதயசங்கர், மைஹர் மகாராஜாவை இணங்கவைத்து, அவரைத் தம் குழுவின் ஐரோப்பியப் பயணத்துக்கு அழைத்துச் சென்றார். பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் புறப்படும் வேளையில், தாயார் ஹேமாங்கினி தம் கடைசி மகனின் கையை எடுத்து அலாவுதீன் கானின் கையில் வைத்து, இவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒப்படைத்தார். மகன் தாயை அதன்பின் பார்க்கவே இல்லை. அவர் 1936இல் காலமானார். தந்தையோ அதற்கு முன்பே, 1935இல், லண்டனில் இறந்துவிட்டிருந்தார்.

எல்லோராலும் பாபா என்றழைக்கப்பட்ட அலாவுதீன் கான், பயணத்தின் இடைவெளிகளில் ரவிக்குப் பாடம் சொன்னார். பையனின் திறமையைக் கண்டு மகிழ்ந்தார். அவன் பத்துக் கலைகளில் கால் வைத்து ஒன்றிலும் ஊன்றாமல் திரிவதைக் கண்டு எரிச்சலும் பட்டார். கற்க வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு மைஹருக்கு வர வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அதைச் சொல்லிவிட்டு 1936இல் அவர் ஊர் திரும்பினார்.

இங்கே கவனிக்க வேண்டியது அடுத்த இரண்டு ஆண்டுகளை. வாழ்க்கைக் குறிப்புகள் எழுதுவோர் பெரும்பாலும் இவற்றைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ரவி உடனே குருவின் பின்னால் ஓடவில்லை, தொடர்ந்து ஆடினார். தாமே அமைத்த ‘சித்திரசேனா’ என்ற தனி நடனத்தால் பாராட்டும் பெற்றார். நல்ல உடை, நல்ல உணவு, கைதட்டல் ஆகியவற்றை ஒரு பதினாறு வயதுப் பையன் எளிதில் விட்டுவிடுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 1938 வாக்கில் ஐரோப்பாவைப் போர் மேகம் சூழ்ந்தது. வெளிநாட்டுப் பயணங்களை நிறுத்திக்கொண்டு இமயமலை அடிவாரத்து அல்மோராவில் ஒரு கலைமையம் தொடங்கும் திட்டத்தில் உதயசங்கர் இறங்கினார். பெற்றோர் இல்லை, குழுவும் கலைகிறது என்ற நிலையில் பாபாவின் நிபந்தனை மட்டும் மிச்சமிருந்தது. ஆகவே அந்த முடிவில் சூழ்நிலைக்குப் பாதிப் பங்கு உண்டு. அண்ணனோடு அல்மோராவுக்குப் போய் நடன வாழ்க்கையைத் தொடர வழி இருந்தும், அதை விடுத்து மைஹரைத் தேர்ந்தெடுத்ததே ரவியின் சொந்தப் பங்கு. என் மதிப்பில் அதுவே பெரியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் இதைத் தாயகம் திரும்பியதாகப் பேசுகிறோம். மைஹர் அவருக்குச் சொந்த ஊர் அல்ல. உறவினர் எவரும் அங்கில்லை. பாரிஸில் வளர்ந்தவருக்கு விந்தியப் பகுதியின் அந்தச் சிறு சமஸ்தானம்தான் உண்மையான அயல்நாடு.

கோயம்புத்தூர் வாசகர்: மைஹரில் பயிற்சி எப்படி இருந்தது? அலாவுதீன் கான் மிகக் கோபக்காரர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கேள்விப்பட்டது சரிதான். காசியில் பூணூல் சடங்கு முடிந்து, மொட்டையடித்த தலையோடும், முரட்டுத் துணியோடும், ஒரு தகரப் பெட்டியோடும் ரவி போய் நின்றார். ஐரோப்பாவில் பட்டாடையும் நறுமணமுமாகத் தாம் பார்த்த இளைஞன் இவன்தானா என்று பாபா வியந்து மகிழ்ந்தாராம். குருவின் வீட்டை ஒட்டிய சிறு வீட்டில் கயிற்றுக் கட்டிலும் கொசுவும் இரவில் நரிகளின் ஊளையுமாகத் தொடங்கியது குருகுல வாசம். பாபாவின் மகன் அலி அக்பர் கானும் மகள் அன்னபூர்ணாவும் உடன் கற்றவர்கள்.

தொடக்கத்தில் ஒருநாள், சொன்ன பாடம் கையில் சரியாக விழவில்லை. மணிக்கட்டில் வலுவில்லை, போய் வளையல் வாங்கிப் போட்டுக்கொள் என்ற பொருள்பட பாபா கடிந்துகொண்டார். அதுவரை யாரிடமும் கடுஞ்சொல் கேட்டறியாத ரவி பெட்டியைக் கட்டிவிட்டார். ரயிலேறிப் போய்விடுவதென்று முடிவு. அலி அக்பர்தான் தடுத்தார். இந்த வீட்டில் அடி வாங்காதவன் நீ ஒருவன்தான், என்னை மரத்தில் கட்டிவைத்து அடித்திருக்கிறார், ஒரு சொல்லுக்கா ஓடுகிறாய் என்று கேட்டாராம். பிறகு பாபாவும், துறைமுகத்தில் உன் தாய் உன் கையை என் கையில் வைத்ததை நினைத்துத்தான் உன்னை அடிக்காமல் இருக்கிறேன் என்னும்படி பேசி மனம் இளகினார். இந்த நிகழ்ச்சியை ரவிசங்கர் தம் நினைவுக் குறிப்புகளில் விரிவாகவே எழுதியிருக்கிறார். மாணவரை அடிப்பதை நான் எவ்வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். அதைக் குருபக்தியின் அடையாளமாகப் புகழ்ந்து எழுதும் வழக்கமும் எனக்கு உவப்பில்லை. அந்தக் கண்டிப்போடு கூடவே வந்த பாடம் எத்தகையது என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

பாபா பெரும்பாலும் பாடியே சொல்லிக்கொடுப்பார்; மாணவர் முதலில் குரலில் பிடித்து, பிறகு கருவியில் வாசிக்க வேண்டும். ஸ்வர வரிசைகளின் சாதகம், அதாவது விடாப்பயிற்சி, நாளொன்றுக்குப் பல மணி நேரம் நீளும். சித்தாரோடு, அதைவிடப் பெரிதான, தாழ்ந்த ஒலி கொண்ட சுர்பஹாரும் பழக வேண்டும். துருபத், தமார், கயால் ஆகிய பாடல் முறைகளும், ருத்ர வீணை, ரபாப், சுர்சிங்கார் ஆகிய தந்திக் கருவிகளின் நுட்பங்களும் அதே பாடத்தில் அடங்கும். பாபாவின் சொந்த வாத்தியம் சரோத். ஆனால் அவர் வயலினும் வாசிப்பார். பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து மைஹர் வாத்தியக் குழுவை உருவாக்கி, துப்பாக்கிக் குழாய்களை வெட்டி ‘நல் தரங்’ என்ற ஓர் இசைக்கருவியையே படைத்தவர் அவர். ஐந்து வேளை தொழுத அவரே மைஹர்க் குன்றின்மேல் உள்ள சாரதா தேவியையும் அன்னையென வணங்கினார்.

1939 டிசம்பரில் அலி அக்பரோடு இணைந்து ரவிசங்கர் முதன்முதலாகப் பொதுமேடையில் சித்தார் வாசித்தார். அதன் பிறகும் பயிற்சி நிற்கவில்லை. 1944 வரை தொடர்ந்தது.

யாழ்ப்பாணம் வாசகி: என் மகனுக்குப் பதினேழு வயது, வயலின் கற்கிறான். அவனை ஒரு நடனக் குழு ஓராண்டு ஐரோப்பியப் பயணத்துக்கு அழைக்கிறது. ரவிசங்கரின் கதையைப் பார்த்தால், அனுப்பாமல் இருப்பதே நல்லதென்று தோன்றுகிறது. அந்த எட்டு ஆண்டுகள் அவருக்கு வீண்தானே அம்மா?

வீணல்ல. உதயசங்கரின் குழுவில் ஒவ்வொரு நடனமும் சில நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும். ஒளியமைப்பு, உடை, உட்காரும் வரிசை என்று எல்லாமே கணக்காக இருக்கும். மேடை என்பதை எப்படிக் கையாள வேண்டும், அறியாத சபையை எப்படித் தன்பக்கம் திருப்ப வேண்டும் என்பவற்றை எந்தக் குருகுலமும் அவருக்குச் சொல்லித்தந்திருக்காது. பிற்காலத்தில் அயல்நாட்டு மேடைகளில் ராகத்தையும் தாளத்தையும் சில வாக்கியங்களில் விளக்கிவிட்டு வாசிக்கத் தொடங்கும் வழக்கத்தை அவர் மேற்கொண்டபோது, கேட்பவருக்கு எது புரியாது என்பதை அவர் சிறுவயதிலேயே அறிந்திருந்தார். அதே நேரத்தில், பாபா என்ற ஒருவர் குறுக்கே வராவிட்டால், அந்த எட்டு ஆண்டுகள் அவரைக் கெட்டிக்காரத்தனமான மேடைக் கலைஞராக மட்டும் நிறுத்தியிருக்கும்.

எனவே உங்கள் மகனைப் பற்றி நான் கேட்பது வேறு. திரும்பி வந்தால் உட்கார்ந்து கற்க அவனுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறாரா? பயணத்தின்போது நாள்தோறும் சாதகம் செய்யக் குழு நேரம் தருமா? அவன் பிழையாக வாசித்தால் அதைச் சொல்லக்கூடிய மூத்த கலைஞர் எவரேனும் உடன் போகிறாரா? இம்மூன்றுக்கும் ஆம் என்று பதில் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால், இன்னும் ஓரிரு ஆண்டு காத்திருக்கச் சொல்வேன். கைதட்டல் மட்டுமே கேட்டு வளரும் கை பிறகு திருத்தத்துக்கு இணங்காது.

சேலம் வாசகர்: திரும்பி வந்தவர் மறுபடியும் வெளிநாடு போனாரே? கடைசியில் கலிபோர்னியாவிலேயே வாழ்ந்தாரே?

போனார், ஆனால் உடனே போகவில்லை. 1944க்குப் பின் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் பணியாற்றினார். ‘ஸாரே ஜஹான் ஸே அச்சா’ பாடலுக்கு இன்று நாம் கேட்கும் மெட்டு அக்காலத்தில் அவர் அமைத்ததே. 1949 முதல் டெல்லி வானொலியில் இருந்தார். 1955இல் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் நியூயார்க்குக்கு அழைத்தபோதும் போகவில்லை. அவருக்குப் பதிலாக அலி அக்பர் போய் வாசித்துப் பெரும்பேர் பெற்றார். மறுஆண்டுதான் ரவிசங்கர் வானொலிப் பணியை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் புறப்பட்டார். சிறுவனாக ஆடிய நாடுகளுக்கு இம்முறை அண்ணனின் நிழலில் அல்லாமல், சொந்த வித்தையோடு போனார்.

மேற்கின் புகழ் அவரை மயக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது எல்லா வேளையிலும் அவருக்கு இனித்ததுமில்லை. 1967இல் அமெரிக்காவின் மாண்டரே இசை விழாவில் மகிழ்ந்து வாசித்த அவர், 1969இல் அங்கேயே வுட்ஸ்டாக் இசை விழாவில் சேற்றிலும் போதையிலும் புரண்ட கூட்டத்தின் முன் வாசித்ததை வருத்தத்தோடுதான் நினைவுகூர்ந்தார். 1971 ஆகஸ்ட் 1 அன்று வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடந்த நிகழ்ச்சியில், கருவிகளைச் சுருதி சேர்த்து முடித்ததற்கே அரங்கம் ஆரவாரித்தது. இதையே இவ்வளவு ரசிக்கிறீர்கள் என்றால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என நம்புகிறேன் என்று அவர் நகைத்தார். வாழ்வின் பிற்பகுதியைக் கலிபோர்னியாவில் கழித்து, 2012 டிசம்பர் 11 அன்று அங்கேயே காலமானார்.

வெளியே போகாதவரையும் இங்கே நினைக்க வேண்டும். 1941இல் ரவிசங்கரை மணந்த அன்னபூர்ணா தேவி அதே குருவிடம் கற்றவர். சில ஆண்டுகளில் பொதுமேடையையே துறந்து, பம்பாயில் ஒரு வீட்டுக்குள் இருந்தபடி நிகில் பானர்ஜி, ஹரிபிரசாத் சௌராசியா போன்றோருக்குக் கற்பித்தார். அந்த மணவாழ்வு முறிந்ததைப் பற்றி ஊர் பலவாறு பேசும். அதற்குள் நான் போகவில்லை. மைஹரின் பாடம் தழைத்ததற்கு உலகைச் சுற்றியவரைப் போலவே வீட்டைத் தாண்டாதவரும் காரணம்.

சென்னை வாசகர்: நம் கர்நாடக சங்கீதத்துக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கீரவாணி, சாருகேசி, வாசஸ்பதி, சிம்மேந்திரமத்யமம் போன்ற நம் ராகங்களை இந்துஸ்தானி மேடையில் வாசித்துப் பரவலாக்கியவர்களுள் அவர் முக்கியமானவர். தாளக் கணக்குகளில் தென்னாட்டு முறையிலிருந்து தாம் எடுத்துக்கொண்டதையும் மறைத்ததில்லை. அண்ணன் உதயசங்கரின் அல்மோரா மையத்தில் பரதம் கற்பித்தவர் பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பப் பிள்ளை. உதயசங்கர் இயக்கிய ‘கல்பனா’ திரைப்படமோ 1948இல் வெளிவந்தது, அது உருவானதும் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில்தான்.