சர்ச் பார்க் மாணவி

கேள்வி: வைஜயந்திமாலா பள்ளிக்கூடம் போய்ப் படித்தவரா, இல்லை சின்ன வயதிலேயே நடிக்க வந்துவிட்டாரா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: இரண்டும்தான்! திருவல்லிக்கேணியில் பிறந்து, பாட்டி யதுகிரி தேவியிடம் வளர்ந்தவர். படித்தது சென்னை சர்ச் பார்க் கான்வென்டில். பரதம் கற்றது வழுவூர் ராமையா பிள்ளையிடம். அம்மா வசுந்தரா தேவியோ 1943-லேயே 'மங்கம்மா சபத'த்தின் கதாநாயகி. 1940-ல், அ, ஆ எழுதிப் பழகும் வயதில், வாடிகன் போய் போப் பன்னிரண்டாம் பயஸ் முன்னால் ஆடிவிட்டு வந்த குழந்தை இவர். அந்த வயதில் எனக்குப் பள்ளி ஆண்டுவிழா மேடையிலேயே கால் உதறியது, சரி, அதை விடுங்கள். அப்புறம் கோகலே ஹாலில் இவர் நடனத்தைப் பார்த்த இயக்குநர் எம்.வி. ராமன், ஏவி.எம்.மின் 'வாழ்க்கை' (1949) படத்துக்குக் கேட்டார். பாட்டிக்குத்தான் தயக்கம்: பெண்ணின் படிப்பும் நாட்டியமும் என்னாவது?