கோள்களின் இடைநகர்வைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எதை வைத்துச் சொல்லித்தரலாம்?

"எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வெள்ளியும் புதனும் சூரியனுக்கு முன்னால் கடந்து போவதைச் சொல்லித்தர நல்ல துணைக்கருவிகள் எவை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர்தான். எதையும் விலைக்கு வாங்குவதற்கு முன் ஒரு கடுகிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

அதற்கும் முன்னால் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "வெள்ளி சூரியனைக் கடக்கும்" என்றதுமே, "சுக்கிரப் பெயர்ச்சியா சார்?" என்று ஒரு குரல் வரும். அதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். நாள்காட்டியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை தனக்குத் தெரிந்ததோடு பொருத்திப் பார்க்கிறது. பெயர்ச்சி என்பது, நமக்குத் தெரியும் வானத்தில் ஒரு கோள் ஒரு ராசியை விட்டு அடுத்த ராசிக்குப் போவது. இடைநகர்வு (கடப்பு என்றும் சொல்வோம்) என்பது, அந்தக் கோள் சரியாகச் சூரியனுக்கும் நமக்கும் நடுவே வந்து, சூரிய வட்டத்தின்மேல் கரும்புள்ளியாக ஊர்வது. இதைச் சொல்லிவிட்டு, "அப்படியானால் செவ்வாய்க்கு இடைநகர்வு உண்டா?" என்று கேளுங்கள். நமக்கு உள்ளே சுற்றும் இரண்டு கோள்களுக்குத்தான் அது முடியும் என்று யாராவது ஒருத்தி கண்டுபிடித்துவிடுவாள்.

இனி கடுகு. ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் 14 செ.மீ. அகலமுள்ள மஞ்சள் அட்டை வட்டம். வெள்ளி 1.2 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சிறுகடுகு. வெயில் விழும் சுவரில், உட்கார்ந்த பிள்ளையின் கண் உயரத்துக்கு அட்டையை ஒட்டி, அங்கிருந்து 15 மீட்டரில் ஒரு நாற்காலி போடுங்கள். அதுதான் பூமி. கடுகைக் கம் தொட்டு ஒரு தலைமுடியின் நுனியில் ஒட்டி, முடியை ஒரு ஸ்கேலில் கட்டி, சுவரிலிருந்து 10.8 மீட்டரில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். காற்றடித்தால் கடுகு ஆடும். முதல்முறை எங்களுக்கு அரைமணி நேரம் பிடித்தது.

நாற்காலியில் இருப்பவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையைப் பார்த்தால், கூர்மையான பார்வை இருந்தால், மஞ்சள் வட்டத்தின்மேல் ஒரு சின்னஞ்சிறு கறுப்புப் புள்ளி தெரியும். வட்டத்தில் சுமார் 32இல் ஒரு பங்கு. உண்மையான வெள்ளியும் கடப்பு நாளன்று அதே அளவில்தான் தெரியும். அதுவும் பாதுகாப்பான வடிகட்டி வழியாக, வெறும் கண்ணின் கடைசி எல்லையில். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்தது, பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரியாத இருவருக்குக் கிட்டப்பார்வை இருந்தது பிறகு தெரியவந்தது. புதனுக்கு அரை மில்லிமீட்டர் ரவைத் துகள் போதும். சுவரிலிருந்து 5.8 மீட்டரில் அதைப் பிடித்தால் ஒருவருக்கும் தெரியாது. புதன் கடப்பைப் பார்க்கத் தொலைநோக்கி ஏன் தேவை என்று அதற்கப்புறம் நீங்கள் விளக்கவே வேண்டாம்.

இப்போது அந்தப் பிள்ளையைக் கண்ணை மாற்றி மூடச் சொல்லுங்கள். கடுகு சூரியனை விட்டே வெளியே குதித்துவிடும். இரண்டு கண்களுக்கும் நடுவே 6 செ.மீ., அதாவது நம் கணக்கில் 6 லட்சம் கிலோமீட்டர். ஆனால் மொத்தப் பூமியின் அகலமே இங்கே 1.3 மில்லிமீட்டர்தான். பூமியின் இரண்டு கோடிகளில் நின்று பார்த்தாலும் புள்ளி அட்டையில் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான் நகரும். அந்த 3 மில்லிமீட்டரை அளந்துவிட்டால் சூரியனின் தொலைவு கிடைத்துவிடும் என்று 1716இல் ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி எழுதினார். அதற்காகத்தான் வெள்ளி கடந்த 1761க்கும் 1769க்கும் அத்தனை பேர் கப்பலேறினார்கள்.

அவர்களில் ஒருவர் நம் புதுச்சேரிக்கு வந்தார். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி. 1760இல் கிளம்பினார்; வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலிலிருந்து அவரால் பார்க்க முடிந்தது, அளக்க முடியவில்லை. அடுத்ததுக்காக எட்டு வருடம் இந்தப் பக்கமே காத்திருந்தார். 1769 ஜூனில் புதுச்சேரியில் எல்லாம் தயார். அந்தக் காலையில் மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகுதான் வெயில் வந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது என் வகுப்பு சத்தமில்லாமல் கேட்கும்.

நம் பக்கத்தில் இன்னொருவரும் உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 வெள்ளிக் கடப்புக்காகப் பொதுமக்களுக்கென்றே ஒரு சிறுநூல் எழுதினார். அது ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் உருதுவிலும் வந்தது.

ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு இரண்டு வளையங்கள் போதும். ஒன்றை மட்டமாகவும் மற்றதைச் சற்றே சாய்த்தும் பிடியுங்கள். வெள்ளியின் பாதை 3.4 பாகை சாய்ந்திருப்பதால், 584 நாளுக்கு ஒருமுறை நம்மை முந்திப் போனாலும் பெரும்பாலும் சூரியனுக்கு மேலேயோ கீழேயோ தப்பிவிடுகிறது.

சூரியனைக் காட்ட ஒரு முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டு போதும். அரை செ.மீ. சதுர ஓட்டை வெட்டிய காகிதத்தை அதன்மேல் ஒட்டி, முற்றத்து வெயிலில் வைத்து, ஒளியை இருட்டிய வகுப்பறைச் சுவரில் விழ வையுங்கள். ஓட்டை சதுரம், சுவரில் விழுவதோ வட்டம். அது சூரியனின் பிம்பம். 10 மீட்டர் தள்ளி விழுந்தால் ஏறக்குறைய 9.3 செ.மீ. வரும். பிம்பத்தைத் தூரத்தால் வகுத்து 15 கோடியால் பெருக்கச் சொல்லுங்கள்: சூரியனின் விட்டம், 14 லட்சம் கி.மீ.க்குப் பக்கத்தில். பிள்ளைகள் தாங்களே அளந்த விடை அது. கண்ணாடியில் தெரியும் சூரியனை மட்டும் யாரும் நேரே பார்க்கக் கூடாது.

இணையத்தில் இரண்டு போதும். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஊரையும் 2004 ஜூன் 8ஐயும் போட்டு நாளை ஓடவிடுங்கள். சூரியனைப் படமெடுக்கும் நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் எடுத்த 2012 கடப்பின் காணொளியும் இலவசம். அதே கலத்தின் அன்றாடப் படங்களை வைத்துச் சூரியப் புள்ளிகள் நகர்வதைத் தினம் குறிக்கலாம்.

பாதுகாப்பில் சலுகையே வேண்டாம். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், புகைக்கறுப்பு ஏறிய கண்ணாடி எதுவும் ஆகாது. தரச்சான்று பெற்ற சூரியக் கண்ணாடி, அல்லது 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி. சூரியக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கியில் கண் வைக்கவே கூடாது.

ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் பிள்ளைகளைப் பூட்டி வைக்காதீர்கள். 2004இல் நான் ஒன்பதாம் வகுப்பு. முற்பகலில் தொடங்கி மாலை ஐந்து மணி வரை நடந்த அந்தக் கடப்பை, எங்கள் பள்ளியில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளேயே இருக்க வைத்தார்கள். ஜன்னல் இடுக்கில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் மனதில் வலிக்கிறது. 2012 ஜூன் 6 காலையில் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். அடுத்த வெள்ளிக் கடப்பு 2117இல்.

புதன் கடப்பு அப்படியில்லை, நூறாண்டுக்கு 13, 14 முறை வரும். நமக்கு அடுத்தது 2032 நவம்பர் 13, சனிக்கிழமை. பகல் 12 மணிக்கு மேல் தொடங்கி மாலை நாலரை தாண்டும் வரை. ஐப்பசி அடைமழைக் காலம், லெ ஜான்திக்கு வந்த மேகம் நமக்கும் வரலாம். வெளிமாவட்டத்தில் யாராவது ஒரு ஆசிரியருடன் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் மூடினால் அவர் ஊரிலிருந்து காட்டட்டும். சூரிய வடிகட்டி பொருத்திய சிறு தொலைநோக்கி ஒன்று வேண்டும், அதற்கு மட்டும் பணம் சேர்க்கலாம்.