ஐம்பது ஆண்டு தாண்டியும் விடாத விண்வெளிப் படம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். நான் இரண்டு முறை உட்கார்ந்தேன், ஆதிமனிதர் காட்சியைத் தாண்ட முடியவில்லை. குறை என்னிடமா, படத்திலா?

பதில்: இரண்டிலும் இல்லை, பார்த்த விதத்தில் இருக்கலாம். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் இதை 65 மி.மீ. படச்சுருளில் எடுத்து, 70 மி.மீ. பிரதியில், ஆறு தட ஒலியோடு, பெரிய திரையரங்குகளுக்கென்று தயாரித்தார். முதல் 25 நிமிடம் ஒரு வசனம்கூடக் கிடையாது. கதையைச் சொல்லும் வேலை முழுவதும் படச்சட்டத்தின் அகலத்துக்கும் ஒலிக்கும்தான். கைப்பேசியில் பார்த்தால் அந்த இரண்டுமே போய்விடும்.

முடிந்தால் 70 மி.மீ. திரையிடல் எங்காவது நடக்கிறதா என்று பாருங்கள். 2018-இல் பழைய மூல நெகட்டிவிலிருந்து எடுத்த புதிய பிரதிகளுக்குப் பிறகு அவ்வப்போது இந்தப் படம் திரையரங்குக்கு வருகிறது. வீட்டில் என்றால் 4கே வட்டு நல்லது. தொடங்கியதும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும், இசை மட்டும் ஓடும். டிவி கெட்டுவிட்டது என்று பலர் முன்னே ஓட்டிவிடுகிறார்கள். அது திரையரங்கில் ஆட்கள் வந்து அமரும் நேரத்துக்கான முன்னிசை, அதையும் கேளுங்கள்.

டிவியில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைத்துவிடுங்கள். அது இல்லாத படச்சட்டங்களைத் தானாக இட்டு நிரப்பும். கப்பல்கள் மெதுவாக நகரும் காட்சிகளில் அந்தக் கனமே போய், மாதிரிகள் பொம்மை போலத் தெரியும். படத்தின் விகிதம் 2.2-க்கு 1, ஆகவே மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும், பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். ஒலியைச் சமன்படுத்தும் ‘நைட் மோட்’ இருந்தால் அதையும் நிறுத்துங்கள். விண்வெளி உடைக்குள் கேட்கும் மூச்சுச் சத்தமும், அது சட்டென்று நின்றுபோகும் அமைதியும்தான் இந்தப் படத்தின் பயம். சமன்படுத்தினால் இரண்டும் ஒரே அளவில் கேட்கும். கணினி உதட்டசைவைப் படிக்கும் காட்சி முடிந்ததும் இடைவேளை வரும். அங்கே எழுந்துபோய் வாருங்கள், வேறெங்கும் வேண்டாம்.

கேள்வி: 1968-இல் கணினி வரைகலை கிடையாது. அப்படியிருந்தும் பிறகு வந்த எத்தனையோ படங்களைவிட இது நிஜமாகத் தெரிவது எப்படி?

பதில்: ஒவ்வொரு பொருளும் ஒளிப்படக் கருவிக்கு முன்னால் உண்மையாகவே இருந்தது. டிஸ்கவரி கப்பலின் பெரிய மாதிரி 54 அடி நீளம். அதன் மூக்கிலிருந்து வால் வரை துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் லென்ஸின் துளையை மிகச் சிறியதாக்க வேண்டும். துளை சிறுத்தால் வெளிச்சம் போதாது, ஆகவே ஒவ்வொரு சட்டத்துக்கும் பல விநாடி ஒளி விட்டு, மாதிரியையோ கருவியையோ மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார்கள். கப்பல் ஜன்னலுக்குள் ஆள் நடமாடுவது தனி ஓட்டம். அதற்குப் படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதே சட்டத்தில் மறுபடி ஒளி விட வேண்டும். நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு நகலுக்கும் படத்தில் மணிமணியான புள்ளிகள் கூடும் என்பதால், பாதி பதிந்த மூல நெகட்டிவைக் கழுவாமல் மாதக்கணக்கில் பத்திரப்படுத்தி, அதன் மேலேயே அடுத்த பகுதியைப் பதிந்தார்கள். ஓர் ஓட்டம் பிசகினால் முன்பு பதிந்த அத்தனையும் வீண். அந்தத் துணிச்சலின் பலனைத்தான் இன்று நாம் 4கே-யில் பார்க்கிறோம்.

ஆதிமனிதர் பகுதியில் பின்னணியில் தெரியும் ஆப்பிரிக்க நிலம் ஒளிப்படம், நடிகர்கள் இருந்தது இங்கிலாந்தின் படப்பிடிப்புத் தளத்தில். ஒளிப்படக் கருவிக்கு முன் 45 பாகையில் பாதி ஊடுருவும் கண்ணாடி. பக்கவாட்டிலிருந்து ஒரு புரொஜெக்டர் அந்தக் கண்ணாடி வழியே, கருவி பார்க்கும் அதே நேர்கோட்டில் படத்தை வீசும். பின்னால் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த திரை. சாலைப் பலகைகள் இரவில் பளிச்சிடுவது இந்த வகைப் பொருளால்தான். அது வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும், ஆகவே கருவிக்குத் திரை பிரகாசமாகத் தெரியும். நடிகர் மேல் விழும் படம் சிதறி மங்கிவிடும், அவருடைய நிழலும் அவருக்கு நேர் பின்னால் மறைந்துவிடும். நேர்கோடு சற்றுத் தப்பினாலும் நடிகரைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு விழும். திரைப் பொருள் சுருளுக்குச் சுருள் ஒரே பிரகாசமாக இல்லாததால், கிழித்துத் துண்டு துண்டாக ஒட்டினார்கள். நல்ல பிரதியில் வானத்தைக் கூர்ந்து பாருங்கள், ஒழுங்கற்ற திட்டுகள் தெரியும். சிறுத்தையின் கண்கள் மின்னுவதும் இதே காரணத்தால், அதன் விழியும் ஒளியை வந்த வழியே திருப்பிவிட்டது. எதிர்பாராமல் வந்த அந்த மினுக்கத்தைக் குப்ரிக் நீக்கவில்லை, நல்லவேளை.

விமானத்தில் பேனா மிதக்கும் காட்சிக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பெரிய கண்ணாடித் தகட்டில் பேனாவை ஒட்டுநாடாவால் ஒட்டித் தகட்டைச் சுழற்றினார்கள். பணிப்பெண் பேனாவைப் பிடிக்கும் நொடியில் அது ‘பிய்வதை’ நிறுத்திப் பார்த்தால் காணலாம்.

கேள்வி: கடைசியில் வரும் ஒளிச்சுரங்கத்தை வீட்டிலேயே படம்பிடிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும், பொறுமைதான் முதல் தேவை. படத்தின் சிறப்புக் காட்சிக் கலைஞர் டக்ளஸ் ட்ரம்புல் உருவாக்கிய இந்த முறைக்குப் பெயர் ‘ஸ்லிட் ஸ்கேன்’. கறுப்புத் தகட்டில் ஒரு குறுகிய பிளவு, அதன் பின்னால் ஒளியூட்டிய சித்திரம். ஷட்டர் திறந்தபடியே கருவி பிளவை நோக்கி ஓடும், அதே நேரம் சித்திரம் பக்கவாட்டில் நகரும். இப்படி ஒரு சட்டத்துக்குள்ளேயே பிளவு ஒரு சுவராக நீண்டுவிடும்.

வீட்டில் செய்ய: ஒரு எல்இடி ஒளிப்பலகை, அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட வண்ணக் கோலம், அதற்கு முன் 1 மி.மீ. அகலச் செங்குத்துப் பிளவு வெட்டிய தடித்த கறுப்பு அட்டை. கருவியை ஸ்லைடரில் ஏற்றி, பிளவு சட்டத்தின் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் விழும்படி வையுங்கள். அறை முழு இருட்டு, துளை எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் ‘பல்ப்’ நிலையில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும்). 1 மீட்டர் தொலைவிலிருந்து 15 செ.மீ. வரை கருவியை 30 விநாடியில் சீராக நகர்த்துங்கள். அதே 30 விநாடியில் கோலத்தாளைப் பிளவுக்குப் பின்னால் 10 செ.மீ. இழுக்க வேண்டும். நெருங்க நெருங்கப் பிளவு நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும், அதுதான் வலப்பக்கச் சுவர். அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி இடப்பக்கம் வைத்தால் சுரங்கம் தயார்.

அசைவு வேண்டுமென்றால் ஒவ்வொரு சட்டத்துக்கும் தாளின் தொடக்க இடத்தை 2 மி.மீ. தள்ளிவையுங்கள். 10 விநாடிக் காட்சிக்கு 240 சட்டம். சட்டத்துக்கு 30 விநாடி என்றால் ஒளி விடும் நேரம் மட்டுமே 2 மணி.

எங்கே கெடும்? கை தயங்கிய இடத்தில் ஒளி கூடுதலாக விழுந்து வெள்ளைப் பட்டை வரும், ஆகவே மோட்டார் வைத்த ஸ்லைடர் உத்தமம். அட்டையின் ஓரம் வழியே ஒளி கசிந்தால் படம் முழுக்கச் சாம்பல் படரும், ஓரங்களைக் கறுப்பு நாடாவால் அடைத்துவிடுங்கள். கடைசிச் சில சென்டிமீட்டரில் குவியம் தப்பும். ட்ரம்புலின் அமைப்பில் கருவி ஓட ஓடக் குவியமும் தானாக மாறியது. நமக்கு அந்த வசதி இல்லாததால் 30 செ.மீ. தொலைவில் குவித்து அப்படியே விட்டுவிடுவது சரியான சமரசம்.

கேள்வி: தலைக்கவசம் இல்லாமல் வெற்றிடத்தில் குதித்து உயிர் பிழைப்பது சாத்தியமா?

பதில்: சில விநாடிக்குச் சாத்தியம்தான். 1966-இல் நாசாவின் வெற்றிட அறையில் சோதனை செய்துகொண்டிருந்த ஜிம் லெபிளாங்கின் விண்வெளி உடையில் இருந்த குழாய் கழன்றது. சுமார் 14 விநாடியில் அவர் நினைவிழந்தார். அறையில் உடனே காற்று நிரப்பியதால் பிழைத்துக்கொண்டார். மயங்கும் முன் நாக்கில் எச்சில் கொதிப்பதை உணர்ந்ததாகப் பின்னால் சொன்னார். படத்தில் உள்ள பிழை வேறு: அப்படிக் குதிக்கும் விண்வெளி வீரர் போமேன் மூச்சை அடக்கிக்கொள்கிறார். வெற்றிடத்தில் அடக்கிய காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும், வெளியே விட்டுவிட வேண்டும். அந்தக் காட்சியில் காற்று நிரம்பும் வரை சத்தமே இல்லை, அது முழுக்கச் சரி.

வேறு சில பிழைகளும் உண்டு. எடையற்ற பயணத்தில் உறிஞ்சுகுழலில் ஏறிய உணவு மறுபடி கீழே இறங்குகிறது. டிஸ்கவரிக்கு வெப்பத்தை வெளியேற்றும் தகடுகள் இல்லை, சிறகு என்று தவறாக நினைப்பார்கள் என்று எடுத்துவிட்டார்கள். ஈர்ப்பு உண்டாக்கச் சுழலும் அறை மட்டும் பாதி சரி. படப்பிடிப்புக்குக் கட்டிய சக்கரம் 38 அடி விட்டம். அந்த அளவில் நிமிடத்துக்கு 5 சுற்று சுற்றினால் நிலவின் ஈர்ப்பு கிடைக்கும். பூமியின் ஈர்ப்பு வேண்டுமென்றால் 12 சுற்றுக்கு மேல், தலை சுற்றி விழவேண்டியதுதான். நிமிடத்துக்கு 2 சுற்றிலேயே முழு ஈர்ப்பு வர ஆரம் 224 மீட்டர் தேவை.

கேள்வி: ஹால் 9000 கணினி ஏன் கொலை செய்கிறது? இன்றும் அதன் குரல் காதில் நிற்கிறது.

பதில்: படத்திலேயே பதில் இருக்கிறது, ஆனால் பலர் தவறவிடுகிறார்கள். போமேன் ஹாலின் நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி முடித்ததும் ஒரு பதிவு ஓடும். பயணத்தின் உண்மை நோக்கம் கப்பலில் ஹாலுக்கு மட்டுமே தெரியும் என்று அதில் வருகிறது. பிழையில்லாமல் தகவல் தர வேண்டிய கணினியிடம், உடன் இருப்பவர்களிடம் மறைக்கவும் சொன்னால் என்ன ஆகும்? குப்ரிக்குடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், தன் நாவலில் இதை வெளிப்படையாகவே எழுதினார். செயற்கை அறிவு பற்றிய இன்றைய கவலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுவே: இயந்திரம் கெட்டதாக மாறவில்லை, அதற்கு ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளைக் கொடுத்தவர்கள் மனிதர்கள்.

குரல் கனடா நாடக நடிகர் டக்ளஸ் ரெயினுடையது. உயிர் போகும்போதும் அது பதறுவதில்லை. சாகும்போது ஹால் பாடும் ‘டெய்சி பெல்’ பாட்டை 1961-இல் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 கணினி பாடிக் காட்டியிருந்தது, கிளார்க் அதை நேரில் கேட்டவர். சதுரங்கக் காட்சியையும் கவனியுங்கள். வெற்றி நகர்வுகளைச் சொல்லும்போது ராணி போகும் கட்டத்தை ஹால் தவறாகச் சொல்கிறது, எதிரே இருப்பவர் சரிபார்க்காமல் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். வேண்டுமென்றே வைத்ததா, கைப்பிழையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கேள்வி: முடிவுக்கு அர்த்தம் என்ன?

பதில்: முதலில் படம், பிறகு நாவல், இந்த வரிசையை மாற்றாதீர்கள். நாவலில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. குப்ரிக் முதலில் திட்டமிட்ட பின்னணி விளக்கக் குரலையும், எடுத்து வைத்திருந்த விஞ்ஞானிகள் பேட்டிகளையும் நீக்கினார். முதல் திரையிடல்களுக்குப் பிறகு மேலும் சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். இத்தனை ஆண்டுகளாக மக்கள் இதைப் பேசிக்கொண்டிருப்பதற்கு அந்தக் கத்தரிக்கோலும் ஒரு காரணம். 2022-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்ததும் இந்தப் படம்தான்.

கேள்வி: 1984-இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பார்க்கலாமா? பழைய மாதிரிகள் எங்கே?

பதில்: பார்க்கலாம், ஹாலின் கோளாறை அது நேராகவே விளக்குகிறது. ஆனால் முதல் படம் மனதில் ஊற ஒரு வாரமாவது விடுங்கள். மாதிரிகளும் வரைபடங்களும் முன்பே அழிக்கப்பட்டிருந்ததால், இரண்டாம் பாகத்துக்கு டிஸ்கவரியை முதல் படத்தின் சட்டங்களைப் பார்த்துத்தான் திரும்பக் கட்டினார்கள். தப்பியவற்றில் முக்கியமானது நிலவுக்குப் போகும் உருண்டையான ஏரீஸ் கப்பல். 2015-இல் ஆஸ்கர் அகாதெமி அதை 3,44,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது.