தொட்டிப்பாலம் ஏன் ஆடவில்லை?

அன்புள்ள ஐயா,
குலசேகரம் பக்கத்தில் எங்கள் ஊர். ஆற்றைக் கடக்க ஒரு இரும்பு நடைபாலம் உண்டு. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடந்தாலே கிடுகிடுவென ஆடுகிறது. போன வாரம் அம்மா பாதி வழியில் பயந்து உட்கார்ந்துவிட்டார். வாய்க்கால் தண்ணீரைச் சுமக்கிற மாத்தூர் தொட்டிப்பாலத்தில் அவ்வளவு உயரத்தில் சாதாரணமாக நடந்தவர் அவர். எங்கள் பாலம் விழுந்துவிடுமா?
ஜெ., குலசேகரம்

அன்புள்ள ஜெ.,

ஆடுகிற பாலமெல்லாம் விழுகிற பாலமில்லை. தாங்குமா என்பது ஒரு கணக்கு, ஆடுமா என்பது வேறு கணக்கு. இரண்டாவதைப் போடாமலே பாலம் கட்டிவிடலாம். நானே கட்டியிருக்கிறேன். நான் வரைந்த முதல் நடைபாலத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நடுவில் நின்று குதித்துப் பார்த்தார்கள். பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் வயிறு கலங்கியது.

நாம் நடக்கையில் வினாடிக்கு ஏறக்குறைய 2 காலடி வைக்கிறோம். பாலத்தின் இயல்பான அதிர்வும் வினாடிக்கு 2 என்று அமைந்துவிட்டால், ஒவ்வொரு காலடியும் முந்தின அசைவை ஏற்றிவிடும். இதைக் கணிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். இரு முனையில் தாங்கிய உத்திரம் தன் சொந்தக் கனத்தில் நடுவே எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தால் 18-ஐ வகுங்கள். வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று வந்துவிடும். தொய்வு 81 என்றால் விடை 2. அதுதான் உங்கள் அம்மாவின் நடை. தொய்வு 13-க்குள் நின்றால் விடை 5 வரும். ஐரோப்பிய விதி, 5-க்குக் கீழே போனால் அதிர்வைத் தனியாகச் சோதிக்கச் சொல்கிறது.

உத்திரத்தின் தகட்டைத் தடிமனாக்கினால் போதும் என்பார்கள். கனமும் கூடவே ஏறுவதால் பலன் சொற்பம். உத்திரத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டும். ஐப்பசி வெள்ளம் வருகிற ஆற்றில் கீழ்நோக்கி இறக்க முடியுமா? அதனால் கைப்பிடியையே உத்திரமாக்குவோம்: இரு பக்கமும் மார்பளவு டிரஸ், அதாவது முக்கோணம் முக்கோணமாகக் கோத்த இரும்புச் சட்டம், நடுவில் நடை. கைப்பிடி வெறும் வேலியாக நிற்பதைப் பார்த்தால் இரும்பு வீணாகிறதே என்றிருக்கும் எனக்கு.

பக்கவாட்டு ஆட்டம் இன்னும் பொல்லாதது. லண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறந்தது. அது லேசாக ஆட, விழாமலிருக்க ஜனங்கள் ஆட்டத்துக்கேற்பக் கால் வைத்தார்கள். அதனாலேயே ஆட்டம் வளர்ந்தது. இரண்டு நாளில் மூடினார்கள். அதிர்வை விழுங்கும் டாம்பர்கள் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள்.

மாத்தூர் 1966-இல் கட்டியது. 115 அடி உயரம்தான், ஆனால் 28 தூண்களின்மேல் கிடக்கிற கான்கிரீட் தொட்டி. அத்தனை கனத்தை உங்கள் அம்மாவின் காலடி எங்கே அசைக்கும்?

உங்கள் பாலத்தில் பார்க்க வேண்டியது துரு. உத்திரம் கரையில் உட்காருகிற இடத்தில் சருகும் மண்ணும் சேர்ந்து ஈரம் தங்கும். குனிந்து சுரண்டிப் பாருங்கள். இரும்பு அடுக்கடுக்காக உரிந்தாலோ, ஆட்டம் முன்னைவிடக் கூடியிருந்தாலோ உடனே பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள். அப்புறம், நடக்கிற தளத்தில் போட்டிருக்கும் செக்கர் பிளேட்டுகள், அந்தப் புடைப்பு வரி போட்ட இரும்புத் தகடுகள், டமடமவென்று அடிக்கின்றனவா? பாதிப் பயம் அந்தச் சத்தத்தால் வருவது. போல்ட்டை முறுக்க ஒரு ஸ்பானர் போதும்.