மான்ட்கோமரியின் கார்கள்

அன்புள்ள ஐயா,

கடந்த சில மாதங்களாகக் காந்தி, மண்டேலா, மார்ட்டின் லூதர் கிங் மூவரைப் பற்றியும் தொடர்ந்து வாசித்தேன். கிங் எழுதிய ‘ஸ்ட்ரைட் டுவார்ட் ஃப்ரீடம்’ என்னை மிகவும் பாதித்தது. மிரட்டல் தொலைபேசி வந்த இரவில், சமையலறையில் தனியாக உட்கார்ந்து அவர் பிரார்த்திக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. எங்கள் ஊர்க் கண்மாயை மீட்க ஒரு குழு தொடங்கினேன். முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். போன கூட்டத்துக்கு இரண்டே பேர். கிங்குக்கு இருந்ததைப்போன்ற உள்ளுறுதி இல்லாததால்தான் என்னால் யாரையும் திரட்ட முடியவில்லையோ? நம்பிக்கை இல்லாதவன் தலைவனாக முடியுமா? அடுத்து எதை வாசிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அதே புத்தகத்தை நானும் சமீபத்தில் மறுபடி எடுத்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். நீங்களும் அந்தச் சமையலறைப் பக்கத்தில் போய் நின்றுவிட்டீர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம்.

கடவுள் விஷயத்தை விடுங்கள். கும்பிட்டவர்களும் போராடியிருக்கிறார்கள், கும்பிடாதவர்களும் போராடியிருக்கிறார்கள். மண்டேலாவையும் காந்தியையும் இதில் சேர்க்க வேண்டாம், அவர்கள் கதை வேறு.

தேதியை மட்டும் பாருங்கள். அந்தச் சமையலறை இரவு 1956 ஜனவரி 27. அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், பஸ்ஸில் நடந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தியது 1955 டிசம்பர் 5. ஏறக்குறைய எட்டு வாரமாக ஊரே நடந்துகொண்டிருந்தது. கிங்குக்கு அந்த உறுதி கிடைத்தது அதற்குப் பிறகுதான். தலைமையைத் தேடி அவர் போகவும் இல்லை. புறக்கணிப்புக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குத் தலைவராக இருக்கச் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வயது 26, வீட்டில் மூன்று வாரம்கூட ஆகாத பெண் குழந்தை. டிசம்பர் 5 மதியம் அவரைப் போராட்டத்துக்குத் தலைவராக்கினார்கள், மாலையில் பேசச் சொன்னார்கள். பேச்சைத் தயாரிக்க அரைமணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் ஊரை நடக்க வைத்தது யார்? பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான டிசம்பர் 1 இரவே, ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆங்கிலப் பேராசிரியை தன் கல்லூரிக்குப் போய், சக ஆசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, விடியவிடிய ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை சைக்ளோஸ்டைல் எடுத்தார். விடிந்ததும் வகுப்பும் எடுத்தார், இடையில் காரில் போய் அறிக்கைகளைப் பள்ளிப் பள்ளியாகக் கொடுத்தார். 1949-லேயே ஒரு ஓட்டுநர் அவரைத் திட்டி பஸ்ஸை விட்டு இறக்கியிருந்தார். 1954 மே மாதமே, இப்படியே போனால் பஸ்ஸைப் புறக்கணிப்போம் என்று மேயருக்குக் கடிதம் எழுதியவர் அவர். கிங் மான்ட்கோமரியில் தன் தேவாலயத்தின் முழுநேரப் பொறுப்பை ஏற்பதற்கு முன்பே.

இன்னும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கங்களைத்தான் எல்லாரும் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். முதலில் கறுப்பர்களின் டாக்சிகள் பஸ் கட்டணமான பத்து சென்டுக்கே ஆட்களை ஏற்றின. குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்கியாக வேண்டும் என்று நகர நிர்வாகம் சட்டத்தைக் காட்டியது. 1953-ல் பேடன் ரூஜ் நகரில் இதேபோல் பஸ்ஸைப் புறக்கணித்த அனுபவம் பாதிரியார் ஜெமிசனுக்கு இருந்தது. கிங் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு யோசனை கேட்டார். அப்புறம் சொந்தக் கார்கள் வந்தன, சுமார் 300. காலையில் ஏற்றிக்கொள்ள நாற்பது இடங்களுக்கு மேல், மாலையில் கூட்டிவர நாற்பது இடங்களுக்கு மேல் குறித்தார்கள். போலீஸ் சின்னச் சின்னக் காரணத்துக்கெல்லாம் வண்டியை நிறுத்தி அபராதம் போட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்தன. கடைசியில் லண்டனின் லாய்ட்ஸ் வரை போய்க் காப்பீடு வாங்கினார்கள். பெட்ரோலுக்கும் காசு வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் சாண்ட்விச்சும் விற்று அந்தப் பணத்தை வாராவாரம் கூட்டத்தில் கொடுத்தார். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக அவருக்கு வேலை போனது. வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார், போராட்டத்துக்குக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

விடியற்காலை, டிசம்பர் குளிரில், வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைக்கப் போகும் ஒரு அம்மா தெருமுனையில் நிற்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் காரோடு வருவார் என்று நிற்கிறார். அந்த ஓட்டுநரும், அங்கே ஒருவர் நிற்பார் என்று தன் வேலைக்குப் போவதற்கு முன்னால் கிளம்பி வருகிறார். புறக்கணிப்பு நடந்த 381 நாளில் பெரும்பகுதி இப்படித்தான். எஸ்., நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். கிங்கின் பிரார்த்தனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூன்று நாளில் வீட்டில் குண்டு வெடித்தபோது, துப்பாக்கியோடு திரண்டுவந்த தன் மக்களை வாசலில் நின்று அமைதிப்படுத்தித் திருப்பி அனுப்பினாரே, அந்தத் தெம்பை அந்த இரவு கொடுத்திருக்கும். ஆனால் அவர் எழுந்து நிற்பதற்கு ஒரு காரணம் இருந்தது. வெளியே ஐம்பதாயிரம் பேர் அவருக்கு முன்பே நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் ஊர் நூற்பாலையில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. பெரியம்மா காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேரே கஞ்சித்தொட்டிக்கு வந்துவிடுவார். கையில் கோடு போட்ட ஒரு பழைய நோட்டு. எந்த வீட்டில் அரிசி தீர்ந்தது, எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், யார் வெட்கப்பட்டுக்கொண்டு கஞ்சிக்கு வருவதில்லை என்று எல்லாம் அதில் இருக்கும். வராத வீட்டுக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புவார், என்னிடம்தான். “வாசல்ல வச்சுட்டு பேசாம வந்துரு” என்பார். எதிரிலேயே கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் உண்டு, மறுநாள் வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். பல வருடம் கழித்துச் சங்கம் போட்ட மலரில் தலைவர்களின் படங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. கஞ்சித்தொட்டிக்கு ஒரே வரி. பெரியம்மா பெயர் இல்லை. அந்த மலரை இன்றும் என்னால் நிதானமாகப் பிரிக்க முடிவதில்லை.

நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள், அது கடிதத்தில் தெரிகிறது. முப்பது இரண்டாகும்போது யாருக்கும் வலிக்கும். இரவில் தூக்கம் வராது, வேலைக்குப் போனால் அதே நினைப்பாக இருக்கும். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் வராத இருபத்தெட்டுப் பேரை ஒரு தடவையாவது வீட்டில் போய்ப் பார்த்தீர்களா? கூட்டம் எத்தனை மணிக்கு? ஆடு மாடு பத்தி வருகிற நேரத்திலா, நூறுநாள் வேலை முடிந்து பெண்கள் அடுப்படியில் நிற்கும் நேரத்திலா? கண்மாயில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் வந்தார்களா, மீன் பிடிக்கிறவர்கள் வந்தார்களா? இதில் எதையும் எழுதாமல் உங்கள் உள்ளத்தை மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பெரிய மனிதர்களின் வரலாற்றைக் கண்ணாடி பார்ப்பதுபோல வாசிக்கும் பழக்கத்தை விடுங்கள், தயவுசெய்து.

அடுத்து எதை வாசிப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஜோ ஆன் ராபின்சன் தன் நினைவுகளை எழுதி 1987-ல் புத்தகமாக வந்தது, கிங்கின் புத்தகம் வந்து ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து. அதை வாசியுங்கள். அவசரமில்லை, முதலில் அந்த வீடுகளுக்குப் போய்விட்டு வாருங்கள்.

இன்னொன்று. போன கூட்டத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் யார், என்ன வேலை செய்கிறார்கள், எதற்காக வந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் அவர்களைப் பற்றி எழுதுங்கள்.